பதினான்கு அணிகளின் எட்வின் ஜாக்சன்: மாறியவரா, மாற்றப்பட்டவரா?

கேள்வி: அமெரிக்க பேஸ்பாலில் எட்வின் ஜாக்சன் என்ற பிட்சர் (பந்து வீசுபவர்) 14 அணிகளுக்கு ஆடியிருக்கிறார் என்று படித்தேன். இத்தனை அணிகள் ஒருவரைக் கைவிட்டன என்றால் அவர் சுமாரான ஆட்டக்காரர் என்றுதானே பொருள்? அப்படிப்பட்டவர் 17 ஆண்டுகள் எப்படித் தாக்குப்பிடித்தார்?

பதில்:

கேள்வியில் உள்ள ‘கைவிட்டன’ என்ற சொல்லிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. ஜாக்சனின் ஆட்ட வாழ்க்கையை ஆண்டுவாரியாகப் புரட்டிப் பார்த்தால், ஓர் அணி அவரை வேண்டாம் என்று வெளியே அனுப்பியது என்று சொல்லத்தக்க நிகழ்ச்சி 2015 ஜூலையில்தான் முதன்முதலாக வருகிறது. அதற்குள் அவர் எட்டு அணிகளின் சீருடையில் ஆடி முடித்திருந்தார். அந்த எட்டில் முதல் ஆறு அணிகள் வரையிலான பயணத்தில் அவருடைய விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. தமிழில் ‘மாறினார்’ என்பதற்கும் ‘மாற்றப்பட்டார்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியும். ஜாக்சனைப் பற்றி எழுதுபவர்கள் பலர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள்.

இவரைப் போன்றவர்களை ஆங்கிலத்தில் ‘ஜர்னிமேன்’ என்பார்கள். ஊர் ஊராகப் பயணம் செய்பவர் என்று பலரும் பொருள் கொள்கிறார்கள். உண்மையில் அந்தச் சொல் ‘ஒரு நாள் வேலை’ என்னும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஐரோப்பியக் கைவினைச் சங்கங்களில் தொழில் பழகி முடித்து, ஆனால் சொந்தப் பட்டறை வைக்கும் நிலைக்கு உயராமல், நாள்கூலிக்கு வேலை செய்தவரை அது குறித்தது. ஆகவே அந்தச் சொல்லிலேயே ‘தொழில் தெரிந்தவர்’ என்ற ஒப்புதல் அடங்கியிருக்கிறது. திறமையற்றவரை யாரும் கூலிக்குக்கூட அழைக்க மாட்டார்கள்.

மாற்றப்படுவது எப்படி நிகழ்கிறது என்று சொன்னால்தான் மற்றவை விளங்கும். மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள் உள்ளன. பள்ளியிலோ கல்லூரியிலோ ஆடும் அமெரிக்க இளைஞரை ‘டிராஃப்ட்’ என்னும் வரிசைத் தேர்வில் ஏதேனும் ஓர் அணி எடுத்துக்கொள்ளும். எந்த அணி என்பதை அவர் முடிவு செய்ய முடியாது. அங்கிருந்து மைனர் லீக் படிகளில் ஏறி மேஜர் லீக்கை அடைந்த பிறகும், அங்கே ஆறு ஆண்டுப் பணிக்காலம் முடியும் வரை அவர் அந்த அணியின் கட்டுப்பாட்டில் இருப்பார். அந்தக் காலத்தில் அணி நிர்வாகம் அவரை வேறு எந்த அணிக்கும் கொடுத்து, பதிலுக்கு வேறு ஆட்டக்காரர்களையோ பணத்தையோ பெற்றுக்கொள்ளலாம். இதுதான் ‘டிரேட்’. ஆறு ஆண்டுகள் முடிந்து ஒப்பந்தமும் முடிந்தால்தான் அவர் ‘ஃப்ரீ ஏஜென்ட்’ ஆகித் தன் விலையைத் தானே பேச முடியும். இந்த உரிமைகூட எளிதில் வந்ததன்று. கர்ட் ஃப்ளட் என்ற ஆட்டக்காரர் 1969இல் தன்னை மாற்றியதை ஏற்க மறுத்து வழக்குத் தொடுத்து, 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். 1975 டிசம்பரில் ஒரு நடுவர் தீர்ப்புதான் அந்தப் பழைய கட்டை அவிழ்த்தது. ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஒன்பது ஐபிஎல் அணிகளுக்கு ஆடிய ஆரன் ஃபிஞ்சுகூட, தன் பெயரை ஏலத்தில் கொடுப்பதா வேண்டாமா என்பதையாவது தானே முடிவு செய்தார்.

இன்னொரு விதியும் உண்டு. மேஜர் லீக்கில் பத்து ஆண்டுகள் முடித்து, அவற்றில் கடைசி ஐந்து ஆண்டுகளைத் தொடர்ந்து ஒரே அணியில் கழித்தவர், தன்னை டிரேட் செய்வதைத் தடுக்கலாம். ஜாக்சன் பத்து ஆண்டுகளைத் தாண்டினார். ஆனால் எந்த அணியிலும் மூன்று சீசன்களுக்கு மேல் தொடர்ந்து இருந்ததில்லை. அடிக்கடி மாற்றப்படுபவருக்கு, மாற்றத்தைத் தடுக்கும் உரிமை ஒருபோதும் கிட்டாது என்பதே இந்த விதியின் நடைமுறை விளைவு.

இனி ஜாக்சனின் கதைக்கு வருவோம். அவர் 1983 செப்டம்பர் 9 அன்று அன்றைய மேற்கு ஜெர்மனியின் நொய்-உல்ம் நகரில் பிறந்தார். தந்தை அமெரிக்க ராணுவத்தில் அங்கே பணிபுரிந்தார். ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பள்ளிப் படிப்பு. 2001 டிராஃப்டின் ஆறாவது சுற்றில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அவரை எடுத்தது. தன் இருபதாவது பிறந்தநாளான 2003 செப்டம்பர் 9 அன்று முதல் மேஜர் லீக் ஆட்டத்தில் பந்து வீசினார். எதிரணியான அரிசோனா டைமண்ட்பேக்ஸின் பிட்சர், மறுநாள் நாற்பது வயதை எட்டவிருந்த ராண்டி ஜான்சன். அந்தத் தலைமுறையின் மிகப் பெரிய பிட்சர்களுள் ஒருவரை எதிர்த்து வீசி, இருபது வயதுப் பையன் வென்றார். இப்படித் தொடங்கியவர் ஒரே அணியில் பதினைந்து ஆண்டுகள் நிலைப்பார் என்றுதான் அன்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

ஆனால் பந்தின் வேகம் இருந்த அளவுக்குக் கட்டுப்பாடு இல்லை. அடுத்த இரண்டு ஆண்டுகள் மைனர் லீக்கிற்கும் மேஜர் லீக்கிற்கும் இடையே அலைந்தார். பொறுமை இழந்த டாட்ஜர்ஸ், 2006 ஜனவரியில் அவரை அப்போது டெவில் ரேஸ் என்ற பெயரில் இருந்த டாம்பா பே அணிக்குக் கொடுத்துவிட்டது. அங்கே 2007இல் அவர் பெயரில் எழுதப்பட்டவை 5 வெற்றி, 15 தோல்வி. டாம்பா பே அன்று கடைசி இடத்தில் உழன்ற அணி என்பதால், தோற்றாலும் அவரைத் தொடர்ந்து வீச விட்டார்கள். அது அவருக்குக் கிடைத்த பெரிய பேறு என்பது என் கருத்து. பட்டத்துக்குப் போட்டியிடும் எந்த அணியும் 15 தோல்விவரை பொறுத்திருக்காது. மறு ஆண்டே 14 வெற்றி, 11 தோல்வி. அந்த ஆண்டு அணி உலகத் தொடர் எனப்படும் இறுதிச் சுற்றுவரை போய் பிலடெல்பியாவிடம் தோற்றது. அந்தக் குளிர்காலத்திலேயே அவரை டெட்ராய்ட் டைகர்ஸுக்கு மாற்றினார்கள். டேவிட் பிரைஸ் போன்ற இளம் பிட்சர்கள் இடத்துக்காகக் காத்திருந்தார்கள். ஜாக்சனின் சம்பளமோ ஏறத் தொடங்கியிருந்தது.

2009இல் டெட்ராய்ட்டில் அவர் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். பிட்சரை மதிப்பிட உதவும் எளிய அளவுகோல் ஈ.ஆர்.ஏ.; ஒன்பது இன்னிங்ஸ், அதாவது ஒரு முழு ஆட்டம் வீசினால் சராசரியாக எத்தனை ரன்களைத் தன் பொறுப்பில் விட்டுக்கொடுக்கிறார் என்பதே அது. ஏறத்தாழ மூன்று என்றால் மிக நன்று, நான்கு நடுத்தரம், ஐந்தைத் தாண்டினால் வேலைக்கே ஆபத்து. ஜாக்சனுக்கு அந்த ஆண்டு 3.62. அப்படியிருந்தும் டிசம்பரில், செலவைக் குறைக்க விரும்பிய டெட்ராய்ட், மூன்று அணிகள் பங்கேற்ற பெரிய டிரேடில் அவரை அரிசோனாவுக்கு அனுப்பியது. பதிலுக்கு டெட்ராய்ட்டுக்கு வந்தவர்களுள் ஒருவர் மேக்ஸ் ஷெர்சர். பின்னாளில் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை மூன்று முறை வென்றவர். அப்போது ஷெர்சரை விட்டுக்கொடுத்தாலும் ஜாக்சன் வேண்டும் என்று ஓர் அணி நினைத்தது என்பதை, ‘அத்தனை பேரும் கைவிட்டார்கள்’ என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டும்.

அரிசோனாவில்தான், ஜாக்சன் எப்படிப்பட்ட பிட்சர் என்பதை ஒரே மாலையில் காட்டிவிடும் ஆட்டம் நடந்தது. 2010 ஜூன் 25, இடம் ஃபுளோரிடாவின் டிராபிகானா ஃபீல்டு, எதிரணி அவருடைய பழைய டாம்பா பே. பேட்டர் பந்தை அடித்துவிட்டு ஓடி, ஒரு தளத்தைப் பத்திரமாக அடைவது ‘ஹிட்’. ஆட்டம் முழுவதும் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முடிப்பது ‘நோ-ஹிட்டர்’. பெரும்பாலான பிட்சர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட வாய்க்காத சாதனை அது. பந்துகள் எல்லைக்குள் விழாமல் நான்கு முறை தவறினால் பேட்டர் அடிக்காமலேயே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். அதற்கு ‘வாக்’ என்று பெயர். அன்று ஜாக்சன் எட்டு வாக் கொடுத்தார், அவற்றுள் ஏழு முதல் மூன்று இன்னிங்ஸ்களிலேயே. மூன்றாவது இன்னிங்ஸில் ஒருவரும் அவுட் ஆகாத நிலையில் மூன்று தளங்களிலும் எதிரணியினர் நின்றார்கள். மற்ற நாளாக இருந்தால் அங்கேயே அவரை வெளியே அழைத்திருப்பார்கள். ரன் ஏதும் கொடுக்காமல் அதிலிருந்து தப்பி, ஒன்பது இன்னிங்ஸையும் முடித்தபோது அவர் வீசிய பந்துகள் 149. நூறு பந்துகளைத் தாண்டினாலே மேலாளர் எழுந்து நிற்கும் காலத்தில் இது நம்ப முடியாத எண்ணிக்கை. ஆட்டம் 1-0 என முடிந்தது. நேர்த்தியற்ற நோ-ஹிட்டர் என்று இதைக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கோ நேர்த்தியான பலவற்றைவிட இதுவே பிடித்தமானது. எங்கே போகும் என்று வீசுபவருக்கே தெரியாத பந்தை யாராலும் அடிக்கவும் முடியவில்லை என்ற முரண்பாடுதான் ஜாக்சனின் முழு வாழ்க்கையும்.

ஐந்து வாரம் கழித்து, ஜூலை 30 அன்று, அவரைச் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு மாற்றிவிட்டார்கள்.

ஜூலை இறுதி என்ற தேதி தற்செயலன்று. சீசனின் நடுவே டிரேடுகளுக்கான கெடு பொதுவாக அந்நாட்களில்தான் முடியும். பட்டத்துக்குப் போட்டியிடும் அணிகள் அந்தக் கடைசி வாரத்தில் ஒரு நல்ல பிட்சருக்காக எதிர்கால ஆட்டக்காரர்களைக் கொடுக்கத் தயாராக இருக்கும். வாய்ப்பிழந்த அணிகள் விற்கத் தயாராக இருக்கும். 2011 ஜூலை 27 அன்று ஒயிட் சாக்ஸ் அவரை டொராண்டோ புளூ ஜேஸுக்குக் கொடுத்தது. அதே நாளில் டொராண்டோ அவரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்குக் கைமாற்றியது. சில மணி நேரம் அவர் டொராண்டோ ஆட்டக்காரராக இருந்தார், ஒரு பந்துகூட வீசாமல். அந்த டிரேடில் அவருடன் சேர்ந்து செயின்ட் லூயிஸுக்குப் போனவர்களுள் ஆக்டேவியோ டோட்டல் என்ற பிட்சரும் ஒருவர். 13 அணிகளுக்கு ஆடியவர் என்ற சாதனையைப் பின்னர் படைத்தவர் அவர். அதை முறியடித்தவர் ஜாக்சன். இருவரும் ஒரே நாளில் ஒரே டிரேடில் ஊர் மாறியவர்கள்.

கார்டினல்ஸ் அந்த ஆண்டு உலகத் தொடரை வென்றது. நான்காவது ஆட்டத்தில் ஜாக்சன் வீசித் தோற்றார் என்பது உண்மை. அதைவிடச் சுவையானது ஆறாவது ஆட்டத்தில் அவருடைய பங்கு. பத்தாவது இன்னிங்ஸில் அணியிடம் பேட் செய்ய ஆட்களே எஞ்சாத நிலையில், பிட்சரான அவரை மாற்று பேட்டராக அறிவித்தார்கள். பிறகு ஒரு பந்தையும் எதிர்கொள்ளும் முன் அவருக்குப் பதில் இன்னொரு பிட்சரான கைல் லோஷை அனுப்பினார்கள். பேஸ்பால் வரலாற்றின் மிகப் பரபரப்பான ஆட்டங்களுள் ஒன்றின் குறிப்பேட்டில், எதுவுமே செய்யாமல் அவர் பெயர் இடம்பெற்றுவிட்டது.

2011 முடிவில் அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆனார். இங்கேதான் ‘மாற்றப்பட்டார்’ முடிந்து ‘மாறினார்’ தொடங்குகிறது. வாஷிங்டன் நேஷனல்ஸுடன் ஓராண்டுக்குச் சுமார் 1.1 கோடி டாலர். அதன் பிறகு சிகாகோ கப்ஸுடன் நான்கு ஆண்டுகளுக்கு 5.2 கோடி டாலர். அவர் தானாகத் தேர்ந்தெடுத்த, நிலையாக இருக்கலாம் என்று நம்பிய ஒரே வீடு அது. அங்கேதான் சரிந்தார். 2013இல் 8 வெற்றி, 18 தோல்வி. மேஜர் லீக்கின் இரு பிரிவுகளுள் ஒன்றான நேஷனல் லீக்கிலேயே அதிகத் தோல்வி. 2014இல் 6 வெற்றி, 15 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 6.33. 2015இல் தொடக்கப் பிட்சர் என்ற இடத்திலிருந்து இறக்கி, ஆட்டத்தின் நடுவே ஓரிரு இன்னிங்ஸ் மட்டும் வீச வைத்தார்கள். அந்தக் குறுகிய வேலையை அவர் மோசமாகச் செய்யவில்லை. ஆனாலும் ஜூலையில் விடுவித்துவிட்டார்கள்.

பேஸ்பால் ஒப்பந்தங்களில் பேசிய பணம் உறுதியானது. விடுவித்தாலும் கொடுத்தே ஆக வேண்டும். அதாவது கப்ஸ் 2016 முடியும்வரை ஜாக்சனுக்குச் சம்பளம் கொடுத்தது. அவரை எடுத்துக்கொள்ளும் புதிய அணியோ விதிப்படியான குறைந்தபட்சச் சம்பளம் கொடுத்தால் போதும். அட்லாண்டா பிரேவ்ஸ் அப்படித்தான் எடுத்தது. 2016இல் மயாமியும் சான் டியேகோவும் அப்படித்தான். 108 ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு கப்ஸ் பட்டம் வென்ற அதே 2016இல், அந்த அணியிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு ஜாக்சன் வேறு ஊர்களில் பந்து வீசிக்கொண்டிருந்தார்.

ஆகவே உங்கள் கேள்விக்கு நான் தரும் பதில் இரண்டாகப் பிரிகிறது. முதல் பாதியில் அவர் விலை மதிப்புள்ளவர் என்பதால் கைமாறினார். பின் பாதியில் விலை மலிவானவர் என்பதால் கைமாறினார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பட்டியலாகத் தெரியும். 2010இல் அவருக்காகச் சிகாகோ இரண்டு இளம் பிட்சர்களைக் கொடுத்தது. 2019இல் டொராண்டோ கொடுத்தது பணம் மட்டுமே.

அந்தப் பின் பாதியின் அன்றாடம் கடினமானது. பிப்ரவரியில் மைனர் லீக் ஒப்பந்தத்துடன் பயிற்சி முகாமுக்குப் போக வேண்டும். அதில் பெரும்பாலும், குறிப்பிட்ட தேதிக்குள் மேஜர் லீக்கிற்கு அழைக்காவிட்டால் தானே விலகிக்கொள்ளலாம் என்ற ஷரத்தைப் பேசி வாங்கியிருப்பார்கள். யாருக்காவது தோள்வலி வந்தால் அழைப்பு வரும். அணியில் இடம் தேவைப்பட்டால் பட்டியலிலிருந்து நீக்கி, சில நாட்களுக்குள் டிரேடோ விடுவிப்போ என்று முடிவு செய்வார்கள். 2017இல் பால்டிமோரில் சில ஆட்டங்கள், பிறகு மீண்டும் வாஷிங்டன். 2018இல் வாஷிங்டனின் மைனர் லீக் அணியிலிருந்து விலகி, காயங்களால் பிட்சர் பஞ்சத்தில் தவித்த ஓக்லாந்து அத்லெடிக்ஸில் சேர்ந்தார். ஜூன் 25 அன்று, நோ-ஹிட்டர் நடந்து சரியாக எட்டு ஆண்டுகள் கழித்து, தன் 13ஆவது அணிக்காக முதல்முறை வீசி டோட்டலின் எண்ணிக்கையைச் சமன் செய்தார். அந்த சீசனில் 17 ஆட்டங்களைத் தொடங்கி, 6 வெற்றி, 3 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 3.33. முப்பத்தைந்தை நெருங்கிய, ஆறு மாதத்துக்கு முன் நிலையான வேலையில்லாத ஒருவர், 97 ஆட்டங்களை வென்று பிளே-ஆஃபுக்குப் போன அணியின் முக்கியப் பிட்சர்களுள் ஒருவரானார். அவருடைய வாழ்க்கையில் நான் மிக மதிக்கும் சீசன் இதுவே.

17 ஆண்டுகள் எப்படி என்றால், காரணம் பெரும்பாலும் தோள்தான். 2007 முதல் 2013 வரை ஏழு சீசன்களிலும், ஒவ்வோர் ஆண்டும் 31 ஆட்டங்களுக்குக் குறையாமல் தொடக்கப் பிட்சராக வீசியிருக்கிறார். முழங்கை அறுவைச் சிகிச்சை வழக்கமாகிவிட்ட தொழிலில் இது அரிது. ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். ஐந்து பேர் முறைவைத்து வீச வேண்டும். ஐவரும் ஆண்டு முழுவதும் நலமாக இருப்பது அநேகமாக நடப்பதில்லை. அந்த நேரத்தில் வேகமாக வீசக்கூடிய, வலியில்லாத கை எங்கே கிடைக்கும் என்று நிர்வாகங்கள் தேடும்போதெல்லாம் ஜாக்சனின் பெயர் வந்தது. அதோடு, ஒவ்வொரு பயிற்சியாளரும் ‘நான் இவரைச் சரிசெய்துவிடுவேன்’ என்று நம்பினார்கள் என்பது என் ஊகம். ராண்டி ஜான்சனை வென்ற பையனும் 149 பந்து வீசியவரும் அந்தக் கைக்குள் எங்கோ இருப்பதாகத் தோன்றிக்கொண்டே இருந்திருக்கும்.

2019 மே 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அவர் 14ஆவது அணிக்காக இறங்கி டோட்டலைத் தாண்டினார். அந்த அணி, எட்டு ஆண்டுகளுக்கு முன் சில மணி நேரம் மட்டும் அவரை வைத்திருந்த டொராண்டோ. சாதனை படைத்தாரே தவிர ஆட்டம் கைகொடுக்கவில்லை. ஐந்து தோல்விகளுக்கு ஒரு வெற்றி என்ற கணக்கில் அங்கிருந்து விலக நேர்ந்தது. அந்த சீசனை மீண்டும் டெட்ராய்ட்டில் முடித்தார். மொத்தக் கணக்கு 107 வெற்றி, 133 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 4.78. இந்த எண்களை மட்டும் வைத்துச் ‘சுமாரானவர்’ என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் நூறு மேஜர் லீக் வெற்றிகளைத் தொடாமலே ஓய்வு பெறும் பிட்சர்கள்தான் மிகப் பெரும்பான்மை என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸின்போது மேஜர் லீக் தன் சீசனை நிறுத்தவில்லை. அதனால் மேஜர் லீக் அணிகள் ஒவ்வொன்றும் வைத்திருக்கும் 40 பேர் பட்டியல் எதிலும் இல்லாதவர்களைக் கொண்டே அமெரிக்கா ஆட வேண்டியிருந்தது. வளரும் இளைஞர்களும் வேலை தேடும் மூத்தவர்களும் கலந்த அந்த அணியில் ஜாக்சனும் இருந்தார். இறுதி ஆட்டத்தில் ஜப்பானிடம் 2-0 எனத் தோற்று வெள்ளி பெற்றார்கள். செப்டம்பரில், 38 வயது நிறைந்த மறுநாள், ஓய்வை அறிவித்தார்.

அவருடைய 14 என்ற எண் இப்போது அவருக்கு மட்டும் உரியதன்று. 2005இல் கப்ஸில் தொடங்கிய ரிச் ஹில், நடுவே மேஜர் லீக்கிற்கு வெளியே உள்ள தனி லீக்கில்கூட ஆடித் திரும்பியவர், 2025 ஜூலை 22 அன்று 45 வயதில் கான்சஸ் சிட்டி ராயல்ஸுக்காக வீசி அதைச் சமன் செய்தார். அன்றைய ஆட்டம் நடந்த இடம் சிகாகோவின் ரிக்ளி ஃபீல்டு, எதிரணி கப்ஸ். 15ஆவது அணி இதுவரை யாருக்கும் வாய்க்கவில்லை.